பதினோரு மைக்ரான்

எல்கொய்பாரில் மழை விழுவதில்லை,
காற்றிலேயே நிற்கிறது.
லேசர் பெட்டிக்குத் தார்ப்பாய் போர்த்தி
தேபா ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது
கோபுரக் கடிகாரம் ஆறு முப்பத்துநாலு காட்டியது.
என்றால் ஆறரை.
நான்கு நிமிடம் முந்துவது அதன் வழக்கம்,
கழித்துக்கொள்வது ஊரின் வழக்கம்.
அதை நம்பி ரயிலை விட்டவர் இல்லை.

மூன்றாம் எண் எந்திரம்.
புகார்த் தாளில் ஒரே வரி:
காலை ஷிஃப்டில் துளை தள்ளி விழுகிறது.
எவ்வளவு, எந்தப் பக்கம், ஒன்றுமில்லை.
டாக்டரிடம் போய்
உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது மாதிரி.

மேசையை ஐந்நூறில் நிறுத்தச் சொன்னேன்,
நின்றது.
திரும்ப அழைத்தேன், வந்தது.
இடமிருந்து ஐந்து முறை, வலமிருந்து ஐந்து முறை.
பத்து முறையும் ஒரே இடம்,
இம்மி பிசகவில்லை.
அந்த ஒரே இடம்தான் தவறு.
பதினோரு மைக்ரான் இப்பால்.
தலைமயிர் ஒன்றை நீளவாக்கில் ஆறாகக் கிழித்தால்
அதில் ஓர் இழை.
திரையோ
ஐந்நூறு புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று
கூசாமல் ஒளிர்ந்தது.

"பொய் சொல்கிறதா, காராசி?" என்றான் ஓர்த்சி.
இல்லை.
பொய்யனுக்கு நேற்றுச் சொன்னது மறந்துபோகும்.
இது தான் நம்புவதைச் சொல்கிறது.

எனக்கு இந்த மாதிரி எந்திரங்களைப் பிடிக்கும்.
ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிழையை அளந்து
அட்டவணையாக உள்ளே ஊட்டிவிட்டால்
தன் கோணலைத் தானே கழித்துக்கொண்டு நடக்கும்.
ஒருநாள் கூட்டல் மூன்று, மறுநாள் கழித்தல் ஐந்து என்று
மனம்போன போக்கில் தவறுவதை
எந்த அட்டவணையில் ஏற்றுவது?
அப்படி ஒருவனோடு இரண்டு வருடம் இருந்தேன், பில்பாவோவில்.
மன்னிப்பைக்கூட
அவன் ஒரே மாதிரி இரண்டு முறை கேட்டதில்லை.

பத்து மணிக்குத் திருத்தம் முடிந்தது.
பிழை ஒன்றரைக்குள்.
காப்பி குடித்துத் திரும்பினோம்.
மேலாளர் லெகார்ரெட்டா கையெழுத்துக்குப் பேனா திறந்தார்.
பழக்கதோஷம், இன்னொரு முறை ஓட்டினேன்.
ஆறு. பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று.
அதுவும் மறுபக்கம்.
பேனா மூடிக்கொண்டது.

கண்ணாடியைத் துடைத்தேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
கூடத்தின் வெப்பம் இருபது, அசையவில்லை.
என் லேசரைச் சந்தேகித்தேன்,
அதற்கடுத்து என்னை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது மூக்குதான்.
எந்திரத்தின் பின்புறம், அளவுகோல் ஓடும் உறையின் மேல்
சிறிய மின் அடுப்பு.
அதில் சிவப்பு எனாமல் சட்டி.
கறுப்பு அவரை, கொழுப்போடு சொரிசோ துண்டுகள்,
தளதளவென்று.
"பத்துக்குப் போட்டால்தான்
பன்னிரண்டரைக்குப் பதமாக இருக்கும்" என்றான் ஓர்த்சி.
மூன்று வருடமாக, ஞாயிறு தவிர்த்து.

அரை மீட்டர் எஃகுக்கு இரண்டு டிகிரி கூடினால்
பதினொன்றரை மைக்ரான் நீளும்.
பாடப்புத்தகக் கணக்கு.
சரி, காலையில் குளிர்ந்திருந்தபோது ஏன் தவறியது?
பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்.
மார்ச் ஒன்பது, பிற்பகல் ஒன்று ஐம்பது.
சட்டி கொதித்து முடித்த நேரம்.
அவரையின் சூட்டை அளந்து
எந்திரத்தின் பிழை என்று எழுதிவைத்திருந்தார்கள்.
அடியில் கையெழுத்து.
என்னுடையது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பு ஜன்னலுக்குப் போனது.
இரும்பு ஆறும்வரை வேறு வேலை இல்லாததால்
மூவரும் அந்த அவரையைச் சாப்பிட்டோம்.
உப்பு கொஞ்சம் கூடுதல்.
தினமும் இப்படித்தான் என்றார் லெகார்ரெட்டா.

மாலை ஐந்துக்கு மீண்டும் அளந்தேன்.
ஒன்றரை. ஆறுக்கும் ஒன்றரை.
காரணம் என்ற கட்டத்தில்
'வெப்ப மூலம் அகற்றப்பட்டது' என்று எழுதினேன்.
பிறகு அதன் கீழே,
'முந்தைய அளவீடு தவறு, செய்தவர் நான்.'

கோபுரம் ஆறு ஐம்பத்தெட்டு காட்டியது.
நான்கைக் கழித்தேன். நேரம் இருக்கிறது.
மழைக்குள் மெதுவாகவே நடந்தேன்.
ஸ்டேஷனில்
ஆறு ஐம்பத்தெட்டு ரயிலின் சிவப்பு விளக்கு
வளைவில் மறைந்துகொண்டிருந்தது.
பிற்பகலில் நகராட்சி ஆள் ஏணியோடு வந்து
கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனாராம்.
பிளாட்பாரத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர்,
உள்ளூர்க்காரர்கள்,
கைக்கடிகாரத்தையும் கோபுரத்தையும்
மாறி மாறிப் பார்த்தபடி.