ஒன்பது புள்ளி ஆறு

ஒன்பது புள்ளி ஆறு என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டாள் நர்ஸ்.
கடலோர ஊரென்றாலும் இது குறைவுதான், எர்மோகெனெஸ்,
இவ்வளவு உயரத்தில் இந்த ரத்தம் எந்த மூலைக்கு?
யானெத் குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்,
போன சொட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதுபோல.

ஹூலியாக்காவில் மோட்டார் டாக்ஸி ஓட்டுகிறேன்.
அறுந்த கிளட்ச் கம்பியை இருட்டில்கூட மாட்டுவேன்,
மாவு பிசையத் தெரியாது.
நியேவெஸுக்குச் சுரங்கத்துச் சமையலறையில் வேலை,
பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீடு.
போனில் சொன்னாள்:
கடை பிஸ்கட்டில் சர்க்கரையும் சாயமும்தான் இருக்கிறது,
நீயே சுடேன்.

பழைய சாமான் சந்தையில் ஒரு அடுப்பு வாங்கினேன்.
கதவுக்குக் கைப்பிடி இல்லை.
உடைந்த பிரேக் நெம்புகோலைத் திருகி வைத்தேன்.

முதல் தடவை கினோவாவைக் கழுவாமல் அரைத்துவிட்டேன்.
சோப்புக்கட்டியைக் கடித்த முகத்தோடு
எடில்சன் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினான்.
இரண்டாம் தடவை மாவு குபுகுபுவென்று எழுந்தது,
நான் கைதட்டி முடிப்பதற்குள்
நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது.
காற்றே மெலிந்துபோன ஊரில்
சோடா உப்புக்கு மட்டும் அத்தனை கொழுப்பு.
பாதியாகக் குறைத்தேன்.

மூன்றாம் தடவை
ஈர மண் நிறத்தில் கன்யிவா மாவு,
சர்க்கரைக்குப் பதில் கறுத்த வாழைப்பழம்,
ஒரு முட்டை,
கசாப்புக்காரனிடம் தூக்குவாளியில் வாங்கிய ஆட்டு ரத்தம்.
அதை வதக்கி, உலர்த்தி, இடித்து
கோகோ தூளுக்குள் ஒளித்தேன்.
கதவிடுக்கில் எடில்சனின் கண்.
தங்கையிடம் மூச்சுவிடக் கூடாது என்று
ஒரு சோல் நாணயத்தை அவன் கையில் அழுத்தினேன்.

கொடுத்தால் தின்னமாட்டாள் என்று தெரியும்.
தகர டப்பாவில் போட்டு
‘டிரைவருக்கு மட்டும்’ என்று சொல்லி வைத்தேன்.
தினமும் காலையில் எண்ணுவேன்.
தினமும் இரண்டு குறையும்.
மகள் திருடுகிறாள் என்று
விசிலடித்துக்கொண்டு வண்டி எடுத்த தகப்பன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த மாதம்,
ஒன்பது புள்ளி ஐந்து.

வீட்டுக்கு வந்தால் துக்கே படுத்திருக்கிறது,
பாலிஷ் போட்ட பூட்ஸ்போல மினுமினுவென்று.
காலைத் தூக்கிச் சொறியக்கூடச் சோம்பல்.
நாய்க்கு வந்த வாழ்வு.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
குளிரில் வண்டி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.
எடில்சன் வந்து டயரை உதைத்தபடி சொன்னான்:
முதல் நாளே சொல்லிவிட்டேன் அப்பா,
அவள் மூன்று கோலிக்குண்டு கொடுத்தாள்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன்.
இது மாவு. இது பழம். இது ரத்தம்.
யாருடையது?
ஆட்டினுடையது.
வலித்ததா அதற்கு?
ஆமாம் என்றேன்.
பொய்க்காக ஏற்கெனவே ஒரு சோல் செலவாகியிருந்தது.

வெகுநேரம் தூளை முகர்ந்து பார்த்தாள்.
பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு
இரண்டு கையையும் மாவுக்குள் விட்டாள்.
நான் வட்டமாகத் தட்டினேன், அவள் என்னைக் கவனிக்கவேயில்லை.
அல்பாகா ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது:
மூன்று கால், கழுத்தில் விரிசல்,
முகத்தைவிடப் பெரிய காதுகள்.

சூடு ஆறும்வரை காவல் இருந்தாள்.
ஒரு காதைக் கடித்தாள்.
மென்றாள். என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.
மறு காது நாளைக்கு என்று
கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தாள்.
இந்தக் கணக்கில் வால் வரைக்கும் போய்ச்சேர
புதன்கிழமை ஆகிவிடும்.

வாசலில் துக்கே வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.