ஒன்பது வெள்ளிக்கிழமை

அந்தத் தொடரில் நான் தூங்குகிறவள்.
எண் முப்பத்து நாலு.
கொட்டகலையில் என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம்
இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.
தொடரின் பெயர் ‘தூரக்கோள்’.
இரவுச் செய்திக்குப் பிறகு ஒன்பது வாரம் ஓடியது.

கோளாறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரே ஒரு நடை.
நீலத்தாள் ஒட்டினால் மேல்தளம்,
சிவப்பு ஒட்டினால் எந்திர அறை.
தானாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு பன்னீர் நின்றான்;
மூன்றாம் வாரம் அவன் தும்மியது
நாடு முழுக்கக் கேட்டது.
கப்டன் கொழும்பு ஆள்,
விண்கல்லைப் பார்த்தும் ‘அடே பாதகா’ என்பார்.
வேற்றுக்கோள் என்று அவர்கள் இறங்கியது
அம்பேவெலப் புல்வெளியில்.
மூடுபனி நன்றாகத்தான் நடித்தது.
ஒரு மாடு மட்டும் மெதுவாக வந்து
கமராவைப் பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் ஸ்டோர் மூடி அப்போது இரண்டு வருடம்.
கொழுந்து லொறியேறிக் கீழே போய்க்கொண்டிருந்தது.
கொழுந்து வாட்டிய தொட்டிகளில்
நாற்பது பேரை வரிசையாகக் கிடத்தி
வெள்ளித்தாள் போர்த்தினார்கள்.
முந்நூறு ஆண்டு உறைதூக்கம்.
சம்பளம் முப்பது ரூபாய், ஒரு சோற்றுப் பார்சல்.
வலைக்கம்பி முதுகில் கோடு போட்டது.
மூக்கருகே பழைய தேயிலைத் தூள்.
தும்மலை அடக்குவதுதான் என் நடிப்பு.

ஆனால் நாலாம் வாரம்.
எழுதியவர் பெயர் கடைசியில் ஓடிய வேகத்தில்
யாரும் வாசிக்கவில்லை.
கீழ்த்தளத்தில் காற்றை நிறுத்துக் கொடுக்கிறார்கள்,
ஆளுக்கு ஒரு பை.
நிறுக்கிறவன் தராசைப் பார்க்காமலே
இரண்டைக் கழிக்கிறான், ‘பைக்கு’ என்று.
தளம் கூட்டுகிறவளாக வந்த யோகமணிக்கு
அதுவரை ஒரு வசனமும் கிடையாது.
விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
‘பையையா நான் மூச்சு விடுறது?’

கார் பற்றரியில் ஓடிய பாக்கியத்தக்கா வீட்டு ரீவிக்கு முன்னால்
பதினொரு குடும்பம்.
ஒருவரும் இருமக்கூட இல்லை.
மறுநாள் மலையில், நிறுவைக் கொக்கியில்
அம்மாவின் கொழுந்து ஆடிக்கொண்டிருக்க
வரிசையில் யாரோ சொன்னார்கள்:
‘சாக்கையா நாங்க பறிச்சோம்?’
கணக்கப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை பார்த்திருப்பார் போல.
அன்று ஒரு கிலோதான் வெட்டினார்.
திங்கட்கிழமை மறுபடி இரண்டு.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா?
ஐந்தாம் வாரம் கப்டன் மன்னிப்புக் கேட்டார்,
எல்லாரும் கைதட்டினார்கள்.
ஆறாம் வாரம் காதல் வந்தது, யாரும் கூப்பிடாமல்.
எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த கப்பலில்
ஒரு வாரம் முழுக்க அந்தக் காதலுக்கே எரிந்தது.
கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு
அதன் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை.
இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம்தான்,
மாட்டின் மேல் இல்லை.

ஒன்பதாம் வாரம் யோகமணி
கப்பலின் வெளிப்புறத்தைப் பழுதுபார்க்கப் போனாள்.
கதவு மூடியது. ‘தொடரும்’ என்றார்கள்.
அடுத்த வெள்ளி அதே நேரத்தில்
ஒருவர் கத்தரிக்காய்ப் பிரட்டல் செய்து காட்டினார்.
பிஸ்கட் கம்பனி காசை நிறுத்திவிட்டதாம்.

பல வருடம் கழித்து ஹட்டனில்
ஒரு பாமசியில் அவளைக் கண்டேன்,
பனடோல் எண்ணிக்கொண்டிருந்தாள்.
கதவு திறந்ததா என்று கேட்டேன்.
‘எனக்கு அதை எழுதித் தரலையே’ என்றாள்.
மிச்சக் காசைக் கையில் வைத்தாள்.

பத்தாம் வாரம் நாங்கள் விழிக்க இருந்தது.
எனக்கும் ஒரு சொல் கொடுத்திருந்தார்கள்:
‘வந்துட்டமா?’
பயந்து ஒரு தரம், சந்தோசமாய் ஒரு தரம்,
பீலிக்கரையில் குடம் நிரம்பும்வரை பாடமாக்கினேன்.

இப்போதும் நுவரெலியா பஸ்ஸில் கண் அயர்ந்து
யாராவது தோளில் தட்டினால்
அதுதான் வாயில் வருகிறது.
கண்டக்டர் பையன் மிச்சச் சில்லறையை நீட்டுகிறான்.
‘இன்னும் இல்ல, அக்கா.
இப்பத்தான் ரதல்ல.’