திருப்பித் தந்த அனுமதி

பதினொன்று முதல் ஒன்று வரை.
வள்ளுவர் கோட்டம் அருகே, போலீஸ் காட்டும் இடத்தில்.
ஒலிபெருக்கி கூடாது. கொடும்பாவி கூடாது.
கலந்துகொள்வோர் எண்ணிக்கை: ஒன்று.

ஸ்டேஷன் ரைட்டர் நான்.
பத்தொன்பது வருஷமாக ஊராரின் கோபத்தை
நிபந்தனை நிபந்தனையாகத் தட்டச்சு செய்பவன்.
ஒற்றை ஆளுக்கு எழுதியது அதுதான் முதல்.

மகிமைதாஸ். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்.
கூவம் கரையில் இருந்த வீட்டை
ஒரு மதியத்தில் இடித்துவிட்டு
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி கொடுத்தார்கள்.
வண்டி எட்டாவது மாடி ஏறாது.
அதைச் சொல்லத்தான் அனுமதி கேட்டிருந்தார்.

அன்று காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார்,
நாலாய் மடித்த கடிதத்தோடு.
"இது வேணாம் சார். நீங்களே வெச்சுக்குங்க."
போராட்டம் வாபஸா என்றேன்.
"நிக்கத்தான் போறேன்.
நீங்க குடுத்ததால நின்னேன்னு ஆயிடக் கூடாது.
வீடு குடுக்கறோம், வீடு குடுக்கறோம்னு
சொல்லிக்கினேதான் சார் இடிச்சாங்க."

கொடுத்ததைப் பதிய நோட்டு உண்டு.
மறுத்ததைப் பதியவும் உண்டு.
கொடுத்த பின் வேண்டாம் என்றவனை
எந்தப் பக்கத்தில் எழுத?
இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அவர் ஏ.சி.யைக் கேட்டார்.
ஏ.சி. யாரைக் கேட்டாரோ,
போன் வெகுநேரம் பிஸியாகவே இருந்தது.

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் கேட்ட
மூன்று நாள் லீவு மனு.
கல்யாணம் முடிந்து
குழந்தைக்குப் பேரும் வைத்தாயிற்று.

ஆள் பற்றாக்குறை; என்னையும் பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள்.
கடிதம் சட்டைப் பையில், இன்னும் எந்த நோட்டிலும் ஏறாமல்.

சரியாகப் பதினொன்றுக்கு வந்து நின்றார்.
நாங்கள் காட்டிய அதே இடம்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்,
தார் கொதிக்கிறதே என்று பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.
ஒரு வார்த்தை இல்லை.
அவரைச் சுற்றி நாலு தடுப்பு,
நாலிலும் நகைக்கடைப் பெண்
நெக்லஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்கு வேன் வந்தது.
"பர்மிஷன் இருக்கா?"
புது எஸ்.ஐ., இருபத்தாறு வயசு இருக்கும்.
மகிமைதாஸ் என்னைப் பார்க்கவில்லை.
"இல்ல" என்றார்.
அந்த ஒரு சொல்லை
நிமிர்ந்து நின்று சொன்னார்.

நானும் வாயைத் திறக்கவில்லை.
பையில் காகிதம் ஈரமாகிக்கொண்டிருந்தது.

அவர் பேச்சுக்கு மரியாதையாக இருந்தேனா,
எஸ்.ஐ.க்குப் பயந்து இருந்தேனா.
ராத்திரி டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன்,
வேன் நம்பர் உட்பட.
அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.