ஊத்துக்கோட்டை, இரண்டாம் தாள்

பெயரில் மட்டும்தான் இருந்தது கோட்டை.
டில்லிபாபு அதைக் கட்டி முடித்தான்
ஒரு ஞாயிறு மதியம்
லாரி புக்கிங் ஆபீஸ் மாடியில்,
கட்டம் போட்ட தாளில், பென்சிலால்.
ஏழு கொத்தளம், ஓர் அகழி.
முதலை வேண்டாம் என்றேன்.
முதலை போட்டான்.

ஆட்டத்தில் அதற்கு நீரூற்றுக்கோட்டம் என்று பேர்.
எங்கள் ஊர்தான்.
மூக்கை மாற்றியிருந்தான், முழியை மாற்றவில்லை.
பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடத்தில் ஒட்டகச் சந்தை.
செக்போஸ்ட் இருக்கும் இடத்தில் ஒரு கல் யாளி;
விடுகதை போடும், விடை சொன்னால் வழி விடும்.
நிஜ செக்போஸ்டில் விடுகதை கிடையாது.
அரிசி மூட்டையில் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள்.
விடை ஐந்நூறு என்று
எல்லா டிரைவருக்கும் தெரியும்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர்.
ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கமிருந்து யுகந்தர்,
சத்தியவேட்டுக்காரன்.
சண்டை போட்டால் தமிழ், அடிபட்டால் தெலுங்கு.
இருபது முகப் பகடையை
அவன்தான் கூரியரில் வரவழைத்தான்.
பிரித்துப் பார்த்த அவன் அப்பா
"ஏந்திரா இதி" என்றாராம்.
ஆறு முகம் கும்பிட்ட ஆள், இருபதுக்கு என்ன செய்வார்.

நான் திருடி.
கீழே அதே ஆபீசில் ஈ-வே பில் அடிக்கிறவள்.
ஹேமாவதி கோடரிக்காரி,
அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
"வாரம் பூரா தையல் போடுறேன்,
ஞாயித்துக்கிழமையாவது வெட்டிக்கிறேனே."

சுருட்டப்பள்ளியில்
விஷம் குடித்த களைப்பில் சாமி படுத்திருக்கிறார்.
டில்லிபாபு அவரைத் தொடவில்லை.
"எழுப்புற வேலை நமக்கெதுக்கு" என்று
அந்த மூலையில் ஒரு மலை வரைந்து பச்சை அடித்துவிட்டான்.
கிருஷ்ணா கால்வாய் ஒரு பாம்பு,
எப்போது வரும் என்று
யாருக்கும் தெரியாத பாம்பு.
இதில் மட்டும் அவன் எதையும் மாற்றவில்லை.

பாம்போடு தாள் முடிந்தது.

"எங்க தெரு எங்க?" என்றாள் ஹேமா.
கால்வாய் தாண்டி,
கம்பிக்கூண்டுக்குள் நீலக் கோட்டுச் சிலை நிற்கும்
முக்கு தாண்டி அவள் தெரு.
டில்லிபாபு தாளைத் திருப்பினான்,
மறுபடி திருப்பினான்.
"தாள் பத்தல."
"ஆமா, அங்க வந்துதான்
எல்லாருக்கும் பத்தாம போவுது."
யாரும் பேசவில்லை.
கீழே ஏதோ லாரி ரிவர்ஸ் எடுத்தது,
அதன் பாட்டு முடியும் வரை கேட்டோம்.

அவள் பையிலிருந்து ஒரு ஓ.பி. சீட்டை எடுத்தாள்.
ஆஸ்பத்திரி பிளாஸ்திரி போட்டு ஓரத்தோடு ஓரம் ஒட்டினாள்,
காயத்தை ஒட்டுகிற அதே கை.
தண்ணீர்த் தொட்டி வரைந்தாள்.
நாற்பத்தாறு வீடு.
கேரம் போர்டு கிடக்கும் ஒரு கடை.
அவள் அப்பா வளர்க்கும் புறாக்கள், நாற்பது புள்ளி.
அகழி போடவா என்றான் டில்லிபாபு.
"சாக்கடை இருக்கு, போதும்."

அடுத்த வாரம் கோட்டை விழுந்தது.
பகடை மூன்று முறை ஒன்று காட்டியது;
ஏழு கொத்தளமும் சரிந்து,
முதலையும் செத்து,
ஒட்டக வியாபாரிகள், யாளி, நான், யுகந்தர்,
நீரூற்றுக்கோட்டம் முழுக்க
பாம்பைத் தாண்டி ஓடி
பிளாஸ்திரிக் கோட்டின் முன் வந்து நின்றது.
உள்ளே கோடரியோடு அவள் மட்டும்.
"திறக்குறியா?" என்றான் டில்லிபாபு.
அவள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே
வாட்ச்சைப் பார்த்தாள்.
நைட் டியூட்டி.
போய்விட்டாள், பகடையோடு.

பதினோரு நாளாக வெளியே நிற்கிறோம்.

நேற்று கால்வாய் வரை போனேன்.
இந்த ஊரில் பிறந்து இருபத்தெட்டு வருஷம்,
அதற்கு அப்பால் போனதில்லை.
ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.
நிஜத்தில் அங்கே கதவு கிடையாது.
ஒரு சின்னப் பாலம், பத்தடி இருக்கும்,
கைப்பிடியில் யாரோ பாய் காயப்போட்டிருந்தார்கள்.
சிலை முக்கில் இடது பக்கம் திரும்பினேன்,
ஓ.பி. சீட்டில் பார்த்த வழி.
தொட்டி அவள் வரைந்ததைவிடச் சின்னது.
புறாக்களை எண்ணினேன்,
முப்பத்தொன்று வரை வந்தது.
மற்றவை மேலே எங்கோ
சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.