ஒட்டுகிற மண்

ரொமேல் கடை மேசையில் எடுத்து வைத்தான்
இரண்டு புட்டி, ஒரு கட்டி.
ஈரத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று,
கட்டியாக இருந்தது மெழுகு.
"எங்கே ஓட்டுகிறாய்?"
"ஷோகா வாதியில்."
"எங்கே நிறுத்துகிறாய்?"
அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நிறுத்துவது ஷார்ஜாவில்,
கோர்னிஷுக்குப் பின்தெரு, ஏழாம் மாடி பால்கனி,
ஆறு பேரின் ஈர பனியன்களுக்குக் கீழே.
கடல் இரவெல்லாம் மேலேறி வந்து
இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் இடம்.
ஓட்டுவதோ எலும்பாய் உலர்ந்த மலையில்.
நூறு கிலோமீட்டருக்குள்
ஒரு சங்கிலிக்கு இரண்டு எதிரிகள்.

முதலில் திருடினேன், சொல்லிவிடுகிறேன்.
லிஃப்ட் மெக்கானிக் நான்.
முப்பத்தெட்டு மாடிக் கோபுரத்தின் தண்டவாளத்துக்கு
ஊற்றும் எண்ணெயில்
ஓர் இருமல் மருந்துக் குப்பி அளவு.
அத்தனை பேரை அத்தனை உயரம் ஏற்றுகிற எண்ணெய்
என் ஒருவனை ஒரு குன்றில் ஏற்றாதா?
லிஃப்ட் குழிக்குள் காற்றடிப்பதில்லை.
அதை மறந்தேன்.

ஒன்பதாவது கிலோமீட்டரில்
சங்கிலி கறுப்புச் சாந்தாகிவிட்டது.
விரலால் வழித்துத் தேய்த்தால் நறநற.
எண்ணெயைத் தடவிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
சொன்னவர் வாதியில் புரண்டு பார்த்ததில்லை.
இங்கே எல்லா மண்ணும் ஒட்டுகிற மண்.
ஒட்டாதது சம்பளம் மட்டும்.

அடுத்து வறட்சிப் புட்டி, நாற்பது திர்ஹம்.
நூற்றுப் பதினாறு கணுவுக்கும்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கணுவுக்கொரு சொட்டு.
இரவெல்லாம் உலரவிட்டு, விடிகாலை துடைத்து,
பார்க்க மாப்பிள்ளைச் சங்கிலி மாதிரி இருந்தது.
பதினெட்டாவது கிலோமீட்டர் வரை.
பிறகு ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும்
ஒரு கீச்.
முள்மர நிழலில் நின்ற ஆடுகள்
தம் குட்டிதானோ என்று திரும்பிப் பார்த்தன.
ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்தது.
செவ்வாய்க்கிழமை பால்கனியில் பார்த்தால்
கணுக்கணுவாய் மிளகாய்த்தூள் தூவினது போலத் துரு.

ஆகவே மெழுகு.
ரோலாவில் பழைய ரைஸ் குக்கர், பதினைந்து திர்ஹம்,
மூடியில் இன்னும் யாருடையதோ சோற்றுப்பசை.
மண்ணெண்ணெயில் மூன்று முறை அலசிய சங்கிலியை
உருகிய மெழுகில் இறக்கிவைத்தேன்.
குமிழ் விட்டு மூச்சு விட்டு அது அடங்குகையில்
இரவு டியூட்டி முடிந்து வந்த சேசுராஜ்
மூடியைத் திறந்தார்.
"என்னய்யா, பாயாசமா?"
"சங்கிலி."
மெல்ல மூடினார்.
"இனிப்பு பாத்தியா?"

கோட் ஹேங்கர் கம்பியில் தொங்கவிட்டதும்
கோல்போல் விறைத்துக்கொண்டது.
தூங்கி எழுந்த விரல்களுக்கு
நெட்டி எடுப்பதுபோல
ஒவ்வொரு கணுவாய் முறித்து இளக்கினேன்.
வெள்ளைத் துகள்கள் பாயெல்லாம்.

மெழுகுக்குக் கடல் ஆகாது என்று
ரொமேல் சொல்லியிருந்தான்.
எனவே சைக்கிள் அறைக்குள் வந்தது,
என் கட்டிலுக்கும் சேசுராஜ் கட்டிலுக்கும் நடுவில்,
ஏ.சி. காற்றில்.
வாடகை: அவர் முறைச் சமையல் வாரம் இரண்டு நாள்
இனி என்னுடையது.
இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்
ஹேண்டில்பார் விலாவில் குத்தும்.
"உன் சம்சாரம் நகரச் சொல்லு" என்பார், கண் திறக்காமல்.

ஞாயிறு, ஐந்தரை மணி, ஷோகா.
அணை தாண்டி முதல் ஏற்றம்.
புழுதி எழுந்தது, அமர்ந்தது,
சங்கிலியில் அமரவில்லை.
இருபது, இருபத்தைந்து,
ஒரு சொல் பேசவில்லை அது.
அந்த அமைதியில்தான் முதன்முறையாகக் கேட்டது
வேறொன்று,
கடக், கடக்,
மிதிக்கு ஒன்றாய்,
என் வலது முழங்கால்.

இறங்கி, பாறையில் உட்கார்ந்து
மடக்கி நீட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தாறு வயது.
ரொமேலிடம் இதைச் சொல்லப்போவதில்லை.
எதையும் எடுத்து வைக்குமுன் அவன் கேட்பான்,
எங்கே நிறுத்துகிறாய் என்று.