வில்லங்கச் சான்று

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
கம்பெனியிடமிருந்து ஞானசிகாமணி,
ஞானசிகாமணியிடமிருந்து மருமகன் ரூபஸ்.
கூட்டுறவு வங்கியில் அடமானம் ஒன்று, தீர்த்தாயிற்று.
வேறு ஏதும் இல்லை என்று
சார்பதிவாளர் முத்திரை.

மணவாளக்குறிச்சியில் பஸ் இறங்கி
கடலைப் பார்த்து நடந்தால் பழைய கோட்டர்ஸ் வரிசை.
பதினேழாம் நம்பர்.
ரூபஸ் மூன்று தடவை வெள்ளையடித்தானாம்.
பதினேழு மட்டும்
மறுபடி மறுபடி மேலே வந்து நிற்கிறது.

ஆறே கால் சென்ட்.
"இந்த ரேட்டுக்கு இனி எங்க கிட்டும்?" என்றார் தரகர் கிளீட்டஸ்.
ஏன் இந்த ரேட் என்று கேட்டேன்.
"கடல் பக்கமாக்கும், உப்புக்காத்து."
பேசிக்கொண்டே செருப்பு நுனியால் முற்றத்தைக் கிளறினார்.
வெள்ளைக்குக் கீழே கருப்பு வந்தது.
அதே செருப்பால் மூடினார்.

நான் நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுப்பவள்.
பதினான்கு வருடமாக நெஞ்சில் ஒரு பேட்ஜ்.
'மூச்சைப் பிடிங்க' என்று சொல்லிவிட்டு
ஈயக் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பேட்ஜ் வெளியூர் போகும்,
நான் வாங்கியது இவ்வளவு என்று ஒரு எண் வரும்.

வாசல் கிழக்கா மேற்கா என்று
அண்ணன் போனில் கேட்டான்.
ஈயக் கதவு எந்தத் திசை என்று
அவனிடம் கேட்க முடியாது.

பக்கத்து வீட்டு டெல்பின் சொன்னாள்:
"கம்பெனிக்காரன் அரிச்சு அரிச்சு
உள்ளதெல்லாம் கொண்டு போயிட்டான்.
இப்பம் இது வெறும் மண்ணு. பயப்படாம வாங்கு பிள்ள."
சாயாக்கடையில் பழைய ஷிப்ட் சூப்பர்வைசர்
மிக்கேல்தாசன் சொன்னார்:
"அரிச்சது போக மிச்சத்தைக் கொட்டினதே
இந்த வரிசைக்கு அடியிலதான்."
இருவரும் இந்த ஊரிலேயே கிடக்கிறார்கள்.
இருவருக்கும் பல் நன்றாக இருக்கிறது.

பேங்க் மதிப்பீட்டாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி
சுவரைத் தட்டினார், கூரையைப் பார்த்தார்,
கிணற்று வெள்ளத்தைக் குடித்துத் துப்பினார்.
படிவத்தில் 'நிலம்' என்ற இடத்தில்
நீளம் அகலம் மட்டும் எழுதினார்.

குளச்சலில் வாடகை ஒன்பதாயிரம்.
ஒவ்வொரு சித்திரைக்கும் ஐந்நூறு ஏறும்.
மகள் ஆன்சி சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.
படம் ஒட்டக்கூடாது.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் குழாய் திறக்கக்கூடாது.

ரூபஸிடம் சாவி வாங்கி
ஒரு சனிக்கிழமை
காலி வீட்டின் நடு அறையில், காலண்டர் ஆணியில்,
என் பேட்ஜைத் தொங்கவிட்டு வந்தேன்.
செய்யக்கூடாத வேலை. தெரிந்தவர் சீட்டைக் கிழிப்பார்.
திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய் எடுத்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
எண் வரும்போது
அதில் ஆஸ்பத்திரி எவ்வளவு, பதினேழு எவ்வளவு என்று
பிரித்துத் தர ஆளில்லை.
அது வர இன்னும் இரண்டரை மாதம்.
பத்திரத்துக்குப் பத்தொன்பது நாள்.

கையெழுத்துப் போட்டேன்.
இடது பெருவிரலையும் வைத்தேன்.
மை போக மூன்று நாளாயிற்று.

ஆன்சிக்கு எதிர்வீட்டுப் பையன் ஒரு காந்தம் கொடுத்திருக்கிறான்,
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது.
நூலில் கட்டி முற்றத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.
திரும்பி வரும்போது
காந்தத்துக்கு மீசை, தாடி, புருவம்.
"அம்மா, நம்ம மண்ணுக்கு முடி முளைக்குது!"
கையைக் கழுவு என்றேன்.
எந்த மண்ணில் விளையாடினாலும்
அதைத்தானே சொல்லியிருப்பேன்.

எண் வந்தது.
எப்போதும் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல்,
யாரும் கூப்பிட்டுக் கேட்கிற அளவுக்கு இல்லை.
அந்த மாதம் கைமுறிவுக் கேஸும் அதிகம்தான்.

ராத்திரி சில சமயம் விழிப்புத் தட்டும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்,
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
'விடுங்க' என்று சொல்ல
கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.
நானே விடுவேன்.

முதல் வாரமெல்லாம் டெல்பின் சாளைக்கு
விருந்தாளி விலை சொன்னாள்.
இன்றைக்கு எல்லோருக்கும் சொல்கிற விலையைச் சொன்னாள்.
அஞ்சு ரூபாய் குறையேன் என்றேன்.
குறைக்கவில்லை.