பின்பக்கம்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு மேலே
ஸ்விக்கர் வீட்டைக் காலி செய்தார்கள்.
இழுப்பறையின் அடியில் விரித்திருந்தது
நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சுவரொட்டி.
அந்துருண்டை வாசம்.

உதட்டில் விரல் வைத்த மாலுமி,
அவன் முதுகுக்குப் பின்னால்
மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பல்.
பேசாதே
என்று கத்துகிற சிவப்பு.

என்னிடம் முப்பத்தேழு இருக்கின்றன.
எலும்பைச் சேர், கொழுப்பைச் சேர்,
கிழிந்த காலுறையைத் தை,
கடன்பத்திரம் வாங்கு.
இது மட்டும் பதினோரு வருஷமாக அகப்படவில்லை.
நாற்பது டாலர் என்றாள் மருமகள் வெர்னா.
மடிப்பில் கிழிசல் காட்டி
முப்பதாக்கினேன்.

ஈரம் ஏறியிருக்கிறதா என்று
வீட்டில் திருப்பிப் பார்த்தேன்.
பென்சில். சாய்ந்த கையெழுத்து.

சர்க்கரை. ரேஷன் சீட்டு.
நூல்கண்டு, கறுப்பு என்று எழுதி
அடித்து, வெள்ளை.
அதற்கும் கீழே
வியாழன் இரவு அவர் கப்பல் கிளம்புகிறது
யாரிடமும் சொல்லவில்லை.

பேசாதே என்றுதானே போட்டிருக்கிறது.
எழுதாதே என்று இல்லையே.

எந்தப் பக்கம் வெளியே தெரியணும் என்கிறான்
சட்டம் போடும் டெல்பர்ட்.
நாளைக்குச் சொல்கிறேன் என்று
சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பேரம் பேசி மிச்சம் பிடித்த பத்து டாலர்
இன்னும் சட்டைப்பையில் கிடக்கிறது.